நனையாத விருந்தாளி

அந்தக் காலத்தில் பல்லி பேசும், எருமை பேசும், கூடையில் கிடக்கிற நண்டுகூட "என் தலையை மிதிச்சு ஏறாதே" என்று பக்கத்து நண்டைத் திட்டும். ஒரு வீட்டு ஏணியில் ஏறுகிற மனிதன் மட்டும் வாயைத் திறக்க மாட்டான். திறக்கத் தேவையே இல்லை. அதனால் வந்த வினைதான் இந்தக் கதை.

கிழக்குக் கடலில், இன்று பிலிப்பைன்ஸ் என்று நாம் சொல்கிற தீவுகளில் ஒன்றில், ஆறு கடலில் சேருகிற இடத்தில் ஓர் ஊர் இருந்தது. ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் அலையாத்திக் காடு. வீடெல்லாம் மூங்கில் கால்களின் மேல் நிற்கும். தரையும் மூங்கில் பட்டைதான். இடுக்கு வழியாகப் பார்த்தால் கீழே பன்றி மேய்வது தெரியும். வீட்டுக்குள் போக ஓர் ஏணி. வாசலுக்கு ஓர் ஓலைத் தட்டி, அவ்வளவுதான். தாழ்ப்பாள் என்று ஒன்றை யாராவது செய்தால் ஊரே சிரித்திருக்கும்.

அங்கே ஒரு வழக்கம். யார் ஏணி ஏறி வந்தாலும் "வாங்க, சாப்பிடலாம்" என்று சொல்லிவிட வேண்டும். பானையில் ஒரு பிடி இருந்தாலும் சொல்ல வேண்டும், ஒன்றுமே இல்லாவிட்டாலும் சொல்ல வேண்டும். நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று கேட்கவே கூடாது. கேட்டால் வந்தவர் முகம் வாடும். வந்தவர் முகம் வாடினால் கேட்டவருக்கு ஹியா. ஹியா என்பதை வெட்கம் என்று சொல்லலாம். ஆனால் அது போதாது. நடுத்தெருவில் இடுப்புத் துணி அவிழ்ந்து நிற்பது மாதிரி ஒன்று அது. அந்த ஊர்க்காரர்கள் பட்டினியைத் தாங்குவார்கள், புயலைத் தாங்குவார்கள். ஹியாவை மட்டும் தாங்க மாட்டார்கள்.

விருந்தாளிக்கும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. எவ்வளவு பசித்தாலும் கடைசித் துண்டில் கை வைக்கக் கூடாது. "எடுத்துக்கோங்க." "ஐயோ, நீங்க எடுத்துக்கோங்க." "எனக்கு வயிறு நிறைஞ்சுபோச்சு." இப்படியே பேசிப் பேசி அந்தத் துண்டு தட்டிலேயே காய்ந்து, கடைசியில் நாய்க்குப் போகும். பச்சை முட்டாள்தனம்தான். ஆனால் அந்த ஊரில் நடக்கப் பழகாத குழந்தைகூடக் கடைசித் துண்டை எடுக்காது.

அந்த ஊரில் டாலிசாய் என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் பூனாவ், மீன் பிடிக்கிறவன். அவர்களுக்கு ஒரே மகள், பிலிங். பால் பற்கள் இன்னும் விழவில்லை. வீட்டில் நான்காவதாக ஒரு ஆளும் உண்டு, கூரை விட்டத்தில். அதன் பெயர் டுகோ. நம் வீட்டுச் சுவரில் ஓடுகிற பல்லி மாதிரி நினைத்துவிடாதீர்கள். முழங்கை நீளம், சாம்பல் உடம்பு, அதில் செம்புள்ளிகள், வாய் நிறையத் திமிர். ஹியா என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது.

"டாலிசாய், இன்னைக்குச் சோறு குழைஞ்சுபோச்சு" என்று மேலிருந்து சொல்லும்.

"நீயா திங்கப் போறே?"

"நான் ஏன் திங்கறேன்? எனக்குக் கரப்பான் இருக்கு. திங்கப்போற பூனாவை நெனச்சாத்தான் பாவமா இருக்கு."

பூனாவ் சிரிப்பான். டாலிசாய் துடைப்பத்தை எடுப்பாள். டுகோ ஓலைக்குள் போய்விடும். நன்றாகத்தான் இருந்தார்கள்.

அந்த வருஷம் மழை பிடித்தது, விடவில்லை. ஒரு நாள் மத்தியானம், படகு கட்டுகிற லிபோன் வீட்டு ஏணியில் யாரோ ஏறி வந்தார்கள். முன்பின் தெரியாத ஆள். லிபோனும் மனைவியும் "வாங்க, சாப்பிடலாம்" என்றார்கள். ஆள் சாப்பிட்டது, எழுந்து போனது. மறுநாள் விடிந்தபோது லிபோன் படுத்திருந்த பாய் காலியாக இருந்தது.

"ஆத்துப் பக்கம் போயிருப்பார்" என்றாள் அவன் மனைவி.

கொஞ்ச நாள் கழித்து லிபோன் வந்தான். தன் வீட்டுக்கு இல்லை, மச்சான் அங்காத் வீட்டுக்கு. வெளியே அருவி மாதிரி மழை. லிபோன் தலையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. துணி மொடமொடவென்று காய்ந்திருந்தது. அங்காத் பார்த்தான். அங்காத்தின் மனைவியும் பார்த்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எப்படிக் கேட்பது? வீட்டுக்கு வந்த மச்சானை "ஏன் நனையலே?" என்றா? "வாங்க, சாப்பிடலாம்" என்றார்கள்.

மறுநாள் அங்காத்தின் மனைவி இல்லை. அதற்கப்புறம் அவள் முகம் இன்னொரு வீட்டு ஏணியில் ஏறியது. நனையாமல்.

ஊருக்கே தெரியும். இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஊருக்கே தெரியும். ஆனால் முதலில் சொல்பவன் யார்? "உன் வீட்டுக்கு வந்தது உன் மச்சான் இல்லை" என்று சொன்னால், அதற்குச் சோறு போட்டவனை எல்லோர் முன்னாலும் முட்டாள் ஆக்கியதாகிவிடும். அவனுக்கு ஹியா, சொன்னவனுக்கு அதைவிட ஹியா. அதனால் எல்லோரும் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

ஒரு காலையில் ஊர்த்தலைவர் மகாத் எல்லோரையும் தன் வீட்டுக்கு அடியில் கூட்டினார். கால் கழுவி, வெற்றிலை போட்டு, நெல் எப்படி, பன்றி குட்டி போட்டதா என்று எல்லாம் விசாரித்த பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்:

"ஆறு இந்த வருஷம் பொல்லாததா இருக்கு."

"ஆமாம், ஆறு" என்றார் ஒருவர்.

"ஆறுதான் இழுத்துட்டுப் போகுது" என்றார் இன்னொருவர்.

அங்காத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். "ஆறுதான்" என்றான் அவனும்.

டாலிசாய்க்குப் பக்கத்தில் அவள் அக்கா சினாக் உட்கார்ந்திருந்தாள். புருஷன் செத்தவள், ஓடைக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கிறவள். எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். அன்றைக்கும் சிரித்துக்கொண்டுதான் டாலிசாய் காதில் சொன்னாள். ஆனால் சிரிப்பில் சத்தமே இல்லை.

"எங்க வீட்டுக்கும் வந்துச்சுடி. இன்னைக்குக் காலையில."

"எது?"

"அங்காத் பொண்டாட்டி முகத்தோட. மழையில வந்துச்சு, முடியெல்லாம் பஞ்சு மாதிரி காஞ்சிருந்துச்சு. கேக்கணும்னுதான் வாயைத் தொறந்தேன். 'வாங்க, சாப்பிடலாம்'னு வந்துடுச்சு."

"அக்கா!"

"என்ன பண்ணச் சொல்றே? ஒரு பொம்பளை வாசல்ல வந்து நிக்கறா. சாப்பிட்டுட்டு எழுந்து போயிடுச்சு. ஒண்ணும் பண்ணலே. நான் தப்பிச்சுட்டேன்னு நெனைக்கறேன்."

டாலிசாய் எழுந்து நின்று கத்தியிருக்க வேண்டும். அங்கேயே, அப்போதே. மகாத் அவளைப் பார்த்தார். "டாலிசாய், நீ ஏதோ சொல்ல வர்றியாம்மா?"

ஊரே திரும்பிப் பார்த்தது. அங்காத்தும் நிமிர்ந்து பார்த்தான், பிச்சை கேட்கிறவன் மாதிரி.

"ஆறுதாங்க" என்றாள் டாலிசாய்.

ஆறு என்று ஊரே ஒத்துக்கொண்டதால் என்ன ஆயிற்று? ஆற்றில் தேட வேண்டியதாயிற்று. உடம்பில் தெம்புள்ள ஆண்கள் எல்லோரும் படகு ஏறினார்கள். இல்லாததைத் தேடி, எல்லோரும் ஊரை விட்டுப் போனார்கள். பூனாவும் போனான். பனையோலைத் தொப்பியை மாட்டிக்கொண்டு, பிலிங்கின் மூக்கைக் கிள்ளிவிட்டு, "பொழுது சாயறதுக்குள்ள வந்துடறேன்" என்றான்.

"அக்கா, நீ இன்னைக்கு எங்க வீட்டுல படுத்துக்கோ" என்றாள் டாலிசாய்.

"பாயை எடுத்துட்டு வந்துடறேன்" என்று சினாக் ஓடைப் பக்கம் போனாள். மழையில் கொஞ்ச தூரம் போனதும் அவள் முதுகு தெரியவில்லை.

மத்தியானம் போய், வெளிச்சம் சாம்பல் நிறத்துக்கு மாறுகிற நேரம். மழை ஓலையை அடித்துக்கொண்டிருந்தது. டாலிசாய் அரிசியும் மீனும் சமைத்து வைத்திருந்தாள். ஏணி கிறீச்சிட்டது. ஒரு படி. இன்னொரு படி. அவசரமே இல்லாமல்.

தட்டி விலகியது. சினாக்.

பாய் கையில் இல்லை. தலை முடி அப்போதுதான் வாரினது போல இருந்தது. காய்ந்து, பளபளவென்று. பாதத்தில் சேறு இல்லை. அவள் பின்னால் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

ஓடிவந்திருப்பாள், எங்கேயாவது ஒதுங்கியிருப்பாள், துவட்டியிருப்பாள் என்று டாலிசாய் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதற்குள் வாய் தானாகவே திறந்துவிட்டது.

"வாக்கா, சாப்பிடலாம்."

அது உட்கார்ந்தது.

பிலிங் ஓடிவந்தாள். பெரியவர்களைப் பார்த்தால் அவர்கள் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொள்வது அந்த ஊர்ப் பிள்ளைகளின் வழக்கம். பிலிங்கும் அந்தக் கையை நெற்றிக்குக் கொண்டுபோனாள். உடனே விட்டுவிட்டாள்.

"பெரியம்மா கை ஏன் மீன் மாதிரி இருக்கு?"

"மழையில வந்தாங்கல்ல" என்றாள் டாலிசாய். அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது.

"மழையில வந்தேன்ல" என்றது அது. சினாக்கின் குரல். அச்சு அசல். ஆனால் சிரிப்பு இல்லை.

டாலிசாய் தட்டு வைத்தாள். அது சாப்பிட்டது. மெல்லுகிற சத்தம் கேட்கவில்லை. சோறு போனது, மீன் போனது, திரும்பவும் சோறு போனது. சினாக் எப்போதும் மீன் தலையை பிலிங்குக்கு எடுத்து வைப்பாள். இது வைக்கவில்லை. கண்ணை பிலிங் மேலிருந்து எடுக்காமல் தின்றது. கடைசியில் தட்டில் ஒரே ஒரு மீன் துண்டு மிஞ்சியது.

மழையில் நனையாததற்குக்கூட ஏதோ ஒரு காரணம் இருக்கலாம். அந்தத் துண்டைப் பார்த்தபடி டாலிசாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். 'வேண்டாம்னு சொல்லு. நீ எடுத்துக்கோடின்னு சொல்லு. அக்கா, சொல்லு.'

விரல்கள் நீண்டன. கடைசித் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது.

கூரை விட்டத்தில் டுகோ அசைந்தது.

"டாலிசாய்" என்றது மெதுவாக. அது மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "யாருன்னு கேளு."

டாலிசாய் காலித் தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"ருசியா இருந்துச்சு" என்றது விருந்தாளி. "தண்ணி எடுக்க ஓடைக்குப் போகணும். பிலிங்கை என்கூட அனுப்பு."

"மழை பெய்யுதேக்கா."

"பெரியம்மாகூடத்தானே வர்றா? அனுப்ப மாட்டியா?"

பாருங்கள், இதுதான் அது வைக்கிற கண்ணி. கூடப் பிறந்தவள் கேட்கிறாள். மாட்டேன் என்றால் அவமானம். அந்த ஊரில் யாரும் யாரிடமும் மாட்டேன் என்று சொன்னதே இல்லை. அந்தச் சொல் அவர்கள் வாயில் துருப்பிடித்துக் கிடந்தது. டாலிசாய் சுற்றி வளைத்துப் பார்த்தாள்.

"அவளுக்குச் சளிக்கா."

"போற வழியில மூலிகை பறிச்சுத் தர்றேன்."

"துணி இல்லே, எல்லாம் ஈரம்."

"என்கூட வந்தா நனைய மாட்டா" என்றது. பிலிங்கின் மணிக்கட்டைப் பிடித்தது. பிலிங் அம்மாவைப் பார்த்தாள். வலிக்கிறது என்று சொல்லவில்லை. அவளும் அந்த ஊர்ப் பிள்ளைதானே, பெரியவர்கள் முன்னால் அழக் கூடாது. உதடு மட்டும் துடித்தது.

"கேளுடி!" டுகோ கத்தியது. "உங்க ஹியாவை எடுத்து உலையில போடு! ஏய், நீ! காஞ்சுபோன மூஞ்சி! நீ மனுஷிதானா? சொல்லு!"

அது மேலே பார்த்தது. கழுத்து, போக வேண்டிய அளவுக்கு மேலேயே வளைந்தது.

"உன் வீட்டுப் பல்லி விருந்தாளியை அவமானப்படுத்துது, தங்கச்சி" என்றது. "நீ என்ன சொல்றே?"

வழக்கப்படி டாலிசாய் மன்னிப்புக் கேட்க வேண்டும். நாக்கு நுனியில் அது தயாராக இருந்தது. அவள் சொன்னாள், "டுகோ, சும்மா இரு." சொன்னதும் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

அது சிரித்தது. ஒரு கை பிலிங்கைப் பிடித்தபடியே இருக்க, இன்னொரு கை மேலே போனது. போனது, போய்க்கொண்டே இருந்தது. விட்டம் வரைக்கும் நீண்டது. டுகோவின் கழுத்தை விரல்கள் வளைத்தன.

"என்னைக் கேக்க நீ யாருடா?"

"நான் யாருன்னு சொல்ல எனக்கு என்ன பயம்?" என்றது டுகோ. மூச்சுத் திணறியது. "நான் டுகோ. டுக்... கோ... டுக்..."

விரல்கள் இறுகின. ஏதோ நொறுங்கியது.

அந்தச் சத்தத்தில்தான் டாலிசாய்க்குள்ளும் ஏதோ நொறுங்கியது. தலைவர் வீட்டடியில் நிமிர்ந்து பார்த்த அங்காத்தின் முகம் ஞாபகம் வந்தது. மழைக்குள் போன அக்காவின் முதுகு ஞாபகம் வந்தது. ஒரு பல்லிக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லையே என்று நினைத்தாள். மீன் வெட்டுகிற கத்தியை எடுத்தாள். குத்தவில்லை. அதைத் தரையில் ஊன்றி எழுந்து நின்றாள்.

"கையை விடு" என்றாள். "நீ யாரு?"

"உன் அக்கா."

"அதை நான் கேக்கலே. மனுஷிதானான்னு கேக்கறேன். 'நான் மனுஷி'ன்னு ஒரு தடவை சொல்லு. சொல்லிட்டா என் பிள்ளையைக் கூட்டிட்டுப் போ."

அது வாயைத் திறந்தது. சினாக்கின் குரல் வந்தது, லிபோனின் குரல் வந்தது, அங்காத் மனைவியின் குரல் வந்தது. ஒருவர் மேல் ஒருவராக எல்லோரும் "நான், நான், நான்" என்றார்கள். அதற்கு மேல் போகவில்லை. முடியாது. சோறு தின்கிறவன் 'நான் சோறு' என்று சொல்ல முடியுமா? அது தின்றது மனிதர்களை. மனுஷி என்று ஒரு தடவை சொன்னால் அதன் பசி அதன் மேலேயே திரும்பிவிடும்.

சினாக்கின் முகம் ஈரத் துணி மாதிரி ஒரு பக்கமாகச் சரிந்தது. அந்த முகத்துக்கு அடியில் என்ன இருந்தது என்று டாலிசாய் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. பிலிங்கின் கையை அது விட்டது. மூங்கில் தரையின் இடுக்கு, விரல் நுழைகிற அளவு. அந்த இடுக்கு வழியாக அது முழுவதும் கீழே இறங்கிப் போனது. கீழே பன்றிகள் அலறின.

டாலிசாய் ஏணியை மேலே இழுத்துப் போட்டாள். பிலிங்கை மடியில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அக்காவுக்காக அழக்கூட நேரமில்லை. விட்டத்தில் டுகோ உயிரோடுதான் இருந்தது, ஆனால் தொண்டை நசுங்கியிருந்தது. "டுகோ, என்னை மன்னிச்சுடு" என்றாள். அது ஏதோ சொல்ல முயன்றது. "டுக்-கோ" என்று மட்டும் வந்தது. திரும்ப முயன்றது. "டுக்-கோ."

பொழுது சாய்கிற நேரத்தில் கீழே சேற்றில் காலடி. நேராக வீட்டுக்கு அடியில் வந்து நின்றது. ஒரு கை மூங்கில் காலைத் தடவியது, ஏணியைத் தேடுவது போல.

டாலிசாய் இடுக்கு வழியாகப் பார்த்தாள். பூனாவ்.

பெரிய பனையோலைத் தொப்பி, தோளைச் சுற்றி ஓலைப் போர்வை. முகத்தில் ஈரம் இல்லை. மார்பில் ஈரம் இல்லை. தொப்பியால் இருக்கலாம். தொப்பியால் இல்லாமலும் இருக்கலாம்.

"ஏணி எங்கே?" என்றான்.

இது அவன்தான் என்றால், திறக்காவிட்டால் அவன் வெளியே அதனோடு இருப்பான். இது அவன் இல்லை என்றால், திறந்தால் பிலிங் இல்லை.

"யாரு?" என்றாள்.

பக்கத்து வீடுகளில் தட்டிகள் கொஞ்சம் விலகின. எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்ன கேட்டே?"

"நீ யாரு?"

"என் வீட்டு ஏணியடியில நிக்கறேன்" என்றான் அவன் மெதுவாக. "நான் கட்டின வீடு. ஊரே பார்த்துட்டிருக்கு. என்னை யாருன்னு கேக்கறியா டாலிசாய்?"

"சொல்லிடு. மனுஷன்தான்னு ஒரு வார்த்தை சொல்லிடு. உன் காலைப் பிடிக்கறேன்."

அவன் சொல்லவில்லை. சொல்ல முடியாமல் இல்லை, சொல்ல மாட்டேன் என்று. நாய்க்குக்கூடக் கேட்காத கேள்வியை அவன் மனைவி ஊர் கேட்க அவனிடம் கேட்டுவிட்டாள். அந்த ஊர் ஆண் அதற்குப் பதில் சொல்வதைவிடச் செத்துப்போவான். நிஜமாகவே செத்துப்போவான், அதுதான் சிக்கல். பூனாவ் முகத்தைத் துடைத்துக்கொண்டான். திரும்பினான். அலையாத்திக் காட்டுப் பக்கமாக நடந்தான்.

போகிறானே, அது என்றால் போகுமா? அது கெஞ்சும், ஏமாற்றும், ஏணி கேட்கும். அவமானப்பட்டு முதுகைக் காட்டிக்கொண்டு போக மனிதனால்தான் முடியும். இது டாலிசாய்க்குப் புரிந்த நொடியில், காட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. அன்பான குரல். டாலிசாயின் குரல்.

"வாங்க, சாப்பிடலாம்."

பூனாவ் நின்றான். பின்னால் அவனை யார் என்று கேட்ட வீடு. முன்னால் சாப்பிடக் கூப்பிடுகிற குரல். இரண்டும் ஒரே குரல். அவன் முன்னால் ஒரு அடி வைத்தான்.

"வாங்க, சாப்பிடலாம்" என்றது மறுபடியும்.

கூப்பிட்டால் அதுவும் கூப்பிடும். பூனாவ் என்று கத்தினால் அதுவும் கத்தும். அவன் எதை நம்புவான்? டாலிசாய் ஏணியைக் கீழே தள்ளினாள். பாதி இறங்கி மீதியைக் குதித்தாள். சேற்றில் விழுந்து எழுந்து, கொட்டுகிற மழையில், தன் வீட்டு ஏணியடியிலேயே ஒரு அந்நிய விருந்தாளி மாதிரி நின்றாள். கையைக் கூப்பினாள். அவனிடம் கேட்ட கேள்விக்குத் தானே பதில் சொன்னாள், ஊரே கேட்கும்படி.

"தாவோ போ!"

தாவோ என்றால் மனிதர். போ என்பது நம்முடைய போ இல்லை, நாம் சேர்க்கிற 'ங்க' மாதிரி ஒரு மரியாதை. புருஷனும் பெண்டாட்டியும் அங்கே அதைச் சேர்த்துப் பேசிக்கொள்வதில்லை. அவள் சேர்த்தாள். "மனுஷிங்க! வந்திருக்கறது மனுஷிதாங்க!"

காட்டுக்குள்ளிருந்த குரல் அவளைப் பின்பற்றத் தொடங்கியது. "தா..." என்றது. "தா... தா..." என்று இழுத்தது. பிறகு ஓர் எலும்பு முறிகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

பூனாவ் திரும்பினான். மழையில் முழுக்க நனைந்து, முழங்கால் வரை சேறோடு, பல் கிட்டிக்க நின்றுகொண்டிருக்கிற மனைவியைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். மழை அவன் தலையில் விழுந்தது, நெற்றியில் வழிந்தது, தாடையில் சொட்டியது.

"தாவோ போ" என்றான் அவனும். "நானும் மனுஷன்தாங்க."

அதைச் சொல்லும்போது அவன் அழுதான். அவளும்தான். பக்கத்து வீட்டு வாசலில் நின்றிருந்த ஒரு கிழவர், யாரும் கேட்காமலேயே, "தாவோ போ" என்றார். அடுத்த வீட்டிலிருந்து ஒரு குரல். அதற்கடுத்த வீட்டிலிருந்து இன்னொன்று. சில வீடுகளிலிருந்து பதிலே வரவில்லை. அந்த வீடுகளைப் பார்த்து யாரும் 'ஆறு' என்று சொல்லவில்லை.

அந்த ஊர்க்காரர்கள் மாறிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். இப்போதும் அவர்களால் வந்தவரைப் பார்த்து யார் நீ என்று கேட்க முடியாது. ஹியா அப்படியே இருக்கிறது. அதனால் கேட்க வேண்டிய நிலைமையே வராமல் செய்துவிட்டார்கள். வருகிறவர் ஏணியடியில் நின்று, தானே முதலில் சொல்லிவிடுவார். சொன்னால் வாங்க, சாப்பிடலாம். யாருக்கும் அவமானம் இல்லை. தட்டில் கடைசித் துண்டை இன்றும் யாரும் எடுப்பதில்லை, வீட்டுக்காரர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

அன்று முதல்தான் அந்தத் தீவுகளின் வீட்டுக் கூரைகளில் டுகோ, கேட்டாலும் கேட்காவிட்டாலும், தன் பெயரைத் தவிர வேறு எதுவும் சொல்வதில்லை. அன்று முதல்தான் அங்கே ஒரு வீட்டுக்குப் போகிறவர் வாசலில் நின்று "தாவோ போ" என்று குரல் கொடுக்கிறார்; குரல் வராமல் ஏணி மட்டும் கிறீச்சிட்டால், உள்ளே இருப்பவர்கள் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு, மூச்சுவிடாமல் காத்திருக்கிறார்கள்.